மல்லிகாவுக்குப் பிடிக்காத சோப்பு

புலியைப் பற்றிப் பேசிச் சம்பளம் வாங்கும் வேலையில் ஒரு சௌகரியம் உண்டு: புலி குறுக்கே பேசாது. சிக்கலெல்லாம் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களால்தான்.

ஹைதராபாத்தில் ஒரு விலங்குக் காட்சிசாலையில் எனக்கு அந்த வேலை. வங்கப் புலிகள் உலாவும் திடலின் முன்னால், கழுத்தில் ஒரு சின்ன மைக்கை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அது என்ன தின்னும், எப்படித் தூங்கும், காட்டில் ஏன் குறைந்துகொண்டே போகிறது என்றெல்லாம் வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். விலங்கியல் படித்திருந்தேன். ஆனால் படிப்பைவிட உதவியாக இருந்தது, பாளையங்கோட்டை கான்வென்ட்டில் சிஸ்டர்கள் ‘கடைசி பெஞ்சுக்குக் கேட்கணும்’ என்று பழக்கிவிட்ட குரல். பேங்க் கவுன்ட்டரிலோ, ரயில்வே விசாரணை ஜன்னலிலோ, வகுப்பறையிலோ ஒரே கேள்விக்கு ஒரே பதிலை நாள் முழுக்கச் சிரித்த முகத்தோடு சொல்பவரா நீங்கள்? அப்படியானால் நீங்கள் என் இனம். மேலே படிக்கலாம்.

புலி முன்னால் நிற்க எனக்குப் பயம் கிடையாது. பயமெல்லாம் வீட்டில். கணவர் ஆன்சைட் என்று அமெரிக்கா போய்விட்டார். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் நானும் கைக்குழந்தை மீராவும் மட்டும். அவள் இருமினாலும் பயம், இருமாமல் ரொம்ப நேரம் தூங்கினாலும் பயம். எதிர் வீட்டு விஜயா அக்காவிடம் அவளை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போவேன். இதையும் அவளைத் தூங்கவைத்த பிறகுதான் எழுதுகிறேன். எங்காவது ஒரு வாக்கியம் சம்பந்தமில்லாமல் திரும்பினால், நடுவில் எழுந்துபோய் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அர்த்தம்.

நான் சொல்லப்போகும் குளிர்காலத்தில் எங்கள் பெண் புலி மல்லிகா சினையாக இருந்தாள். அவளுக்கு அது இரண்டாவது ஈற்று. முதல் ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குப் பால் கொடுக்கவே அவள் படுக்கவில்லை. வாயில் கவ்விக்கொண்டு மூலைக்கு மூலை அலைந்தாள், ஒன்றும் பிழைக்கவில்லை. இந்த முறையும் அலைந்தால் குட்டிகளை எடுத்துப் புட்டிப்பாலில் வளர்ப்பது என்று டாக்டர் முடிவு செய்திருந்தார். புட்டிப்பாலில் வளர்ந்த புலிக்கு மனிதர்களைத் தெரியும், தாயாக இருக்கத்தான் தெரியாது. மல்லிகாவே அப்படி வளர்ந்தவள். ஆகவே நாங்கள் எல்லோரும் ஒரே ஒரு விஷயத்துக்காகக் காத்திருந்தோம்: இந்த முறை அவள் ஓர் இடத்தில் படுத்துப் பால் கொடுப்பாளா?

நைட் ஷிஃப்ட்

ஞாயிற்றுக்கிழமையிலும் கழுத்தில் கம்பெனி அட்டையோடு வரும் இளைஞர்களை வைத்து, சாஃப்ட்வேர் கம்பெனிகள் நிறைந்த மாதாப்பூர் கூட்டம் என்று கண்டுபிடித்துவிடலாம். ஒரு நாள் அப்படி நாலைந்து தமிழ்ப் பையன்கள் வந்தார்கள். ஆண் புலி பாதுஷா மரத்தடியில் நாலு காலும் வானத்தைப் பார்க்க மல்லாந்து கிடந்தான். “மேடம், இது உசுரோடதான் இருக்கா? ஏதாவது பண்ணச் சொல்லுங்களேன்” என்றான் ஒருவன்.

நான் மைக்கைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தேன். புலி பகலில் பெரும்பாலும் தூங்கும். இருட்டிய பிறகுதான் அதற்கு வேலை. காட்டில் வேட்டை என்பது நாம் படத்தில் பார்ப்பதுபோல் ஒரே பாய்ச்சலில் முடியாது. பதுங்கிப் பதுங்கிப் போய்ப் பாயும், மான் தப்பிவிடும், மறுபடி முதலிலிருந்து. அதனால் கிடைக்கிற நேரத்தில் தூங்கி உடம்பைச் சேமித்துக்கொள்கிறது என்றேன். பையன்கள் பாதுஷாவை இப்போது கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்கள். கேள்வி கேட்டவன் பக்கத்தில் இருந்தவனின் தோளில் கை போட்டான்.

“ராத்திரி முழுக்க வேலை, பாதி தடவைக்கு மேல ஃபெயிலியர், பகல்ல இப்படி மட்டை. மச்சான், இது நம்ம டெஸ்டிங் டீம்டா.”

பாஸ்மதி

செகந்திராபாத்திலிருந்து ஒரு குடும்பம். மூன்று தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்த தமிழர்கள், பேச்சில் பாதி தக்கனி உருது. அம்மா மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தார். “யாரோ பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிச்சிருக்காங்க” என்றார். வெளிச் சாப்பாட்டைத் திடலருகே பிரிக்கக் கூடாது. காவலாளி உடனே எல்லோருடைய பையையும் சோதிக்கத் தொடங்கிவிட்டார். அந்த அம்மாவின் கூடையும் தப்பவில்லை.

பிரியாணியைக் கொண்டுவந்தது யாருமில்லை, பாதுஷாதான் என்று நான் விளக்க வேண்டியதாயிற்று. புலி தன் எல்லையைச் சொல்ல மரங்களின் மேல் பின்பக்கமாகச் சிறுநீரைப் பீய்ச்சி அடிக்கும். பாஸ்மதி அரிசிக்கு மணம் தருகிற அதே பொருள் அதிலும் இருக்கிறது. நமக்கு அது அரிசி வாசனை, இன்னொரு புலிக்கு அது முழு முகவரி. வந்தது யார், ஆணா பெண்ணா, எப்போது வந்தது என்று எல்லாவற்றையும் மூக்காலேயே படித்துவிடும். வீட்டுக்காரர் சுவாரசியமாக “ஹவ், ஹவ்” என்று ஆமாம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா மெதுவாகத் தன் கூடையின் மூடியை இறுக்கினார்.

“நக்கோங்க, வேணாம். இனிமே நம்ம வீட்டுல சோனா மசூரி அரிசியே போதும்.”

வெள்ளைப் புலி

வெள்ளைப் புலி தனி இனமா என்று கேட்காத ஞாயிறு இல்லை. இல்லை, அதுவும் வங்கப் புலிதான், நிறம் மட்டும் பிறவியிலேயே மாறிவிட்டது, காட்டில் அந்த நிறத்தை வைத்துக்கொண்டு ஒளிந்து வேட்டையாடுவது கஷ்டம், கூண்டுக்குள் சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்துத்தான் பெருக்கினார்கள், அதனால் பிறவிக் கோளாறுகள் அதிகம் என்று நானும் சொல்லாத ஞாயிறு இல்லை. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சேலத்து அம்மா மட்டும்தான் கடைசிவரை கேட்டார்.

“அப்ப கலர்தான் வெள்ளை, உள்ளே கோளாறு. எங்களுக்கும் ரெண்டு ஜாதகம் அப்படித்தான் வந்துச்சு.”

திங்கட்கிழமை

காட்டில் புலிக்குத் தினமும் சாப்பாடு கிடையாது. கிடைத்த அன்று வயிறு முட்டத் தின்னும், பிறகு சில நாள் சும்மா இருக்கும். அதனால் எங்கள் காட்சிசாலையிலும் வாரத்துக்கு ஒரு நாள் இறைச்சி போடுவதில்லை. திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை, புலிகளுக்குப் பட்டினி. இதைச் சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். ‘டிக்கெட் காசெல்லாம் எங்கே போகிறது’ என்று கேட்டவர்களும் உண்டு.

ராணுவ ஆராய்ச்சிக் கூடத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து வந்த ஒரு மாமி சண்டை போடவில்லை. “திங்கட்கிழமையா? சோமவார விரதம்னா அது” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த மாமாவின் பக்கம் திரும்பினார்.

“ஏன்னா, கேட்டேளா? அது வாராவாரம் முழுப் பட்டினி கிடக்கறது. உங்களுக்கு ஏகாதசிக்கு ஒரு வேளை காபி இல்லாம இருக்க முடியலை.”

அப்பா எங்கே?

மல்லிகாவுக்கு நாள் நெருங்கியதும் அவளைப் பின்கட்டு அறைக்கு மாற்றிவிட்டு, திடலில் ‘பிரசவ ஓய்வு’ என்று பலகை வைத்தோம். அதைப் படித்த ஓர் இளம்பெண், இடுப்பில் குழந்தையோடு, “அப்பா புலி கூட இருக்காதா?” என்று கேட்டாள். இருக்காது என்றேன். சேர்ந்ததோடு ஆண் தன் வழியே போய்விடும். கண் திறக்காத குட்டியை நக்கிச் சுத்தம் செய்வதிலிருந்து வேட்டை பழக்குவது வரை எல்லாம் தாய் ஒருத்திதான். ஏறத்தாழ இரண்டு வருடம் குட்டிகள் அவள் பின்னாலேயே திரியும். அந்தக் காலமெல்லாம் அவள் நிம்மதியாக வயிறாரத் தின்று தூங்கியிருப்பாளா என்பது சந்தேகம்தான் என்று, புத்தகத்தில் இல்லாத ஒரு வரியையும் நானே சேர்த்துச் சொன்னேன்.

அவள் குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு பக்கத்துத் திடலில் குறட்டை விட்ட பாதுஷாவைப் பார்த்தாள்.

“எங்க வீட்டுக்காரரும் ஆன்சைட்லதான் இருக்காரு. இதாவது பக்கத்துக் கூண்டுல இருக்கு.”

பிரசவச் சட்டை

மல்லிகாவைப் பார்த்துக்கொள்பவர் மாணிக்கம் அண்ணன். அவருடைய அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர், வீடு இன்னும் பட்டறைப் பக்கம் லாலாகுடாவில். அங்கிருந்து சைக்கிளில் வருவார். சட்டைப் பையில் எப்போதும் சீப்பு. தலையில் எண்ணெய் மினுங்கும். காட்சிசாலையிலேயே அவர் ஒருவருக்குத்தான் காக்கிச் சட்டையும் கத்திமுனை மடிப்போடு இருக்கும்.

எங்கள் பின்கட்டில் ஒரு வழக்கம் உண்டு. புலி ஈன்ற பிறகு அறையைச் சுற்றிக் கோணிப்பை கட்டி மறைத்துவிடுவோம். உள்ளே ஒரே ஆள்தான் போகலாம். அந்த ஆள் சட்டையை மாற்றக் கூடாது, துவைக்கக் கூடாது, சோப்பு, எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது. புலி அறிந்த வாசனை அப்படியே இருக்க வேண்டும். மாணிக்கம் அண்ணனுக்கு இதைவிடப் பெரிய தண்டனையே கிடையாது. “நக்கோ மேடம், மானம் போவுது” என்பார். ஆனாலும் இருந்தார். இரண்டு குட்டிகள். கதவின் ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டு வந்த டாக்டர், படுத்திருக்கிறாள், குட்டிகள் குடிக்கின்றன என்றார். எனக்கு அன்று மீராவின் தொண்டைச் சளிகூடச் சின்ன விஷயமாகத் தெரிந்தது. பத்துப் பதினைந்து நாள் அப்படியே போயிற்று. கேன்டீனில் மாணிக்கம் அண்ணன் உட்கார்ந்த மேஜையைச் சுற்றி நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. டீ மாஸ்டர் டம்ளரை எட்டி நின்று நீட்டினார்.

“அண்ணே, அதுக்குப் பிரசவம் ஆயிடுச்சு. எங்களுக்கு எப்ப விடுதலை?”

தத்தெடுப்பு விழா

எங்கள் ஊரில் சாஃப்ட்வேர் கம்பெனிகள் புலியைத் தத்தெடுக்கும். ஒரு வருடச் சாப்பாட்டுச் செலவை அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள், திடலில் அவர்கள் பெயர்ப் பலகை தொங்கும். மல்லிகாவை ஒரு கம்பெனி தத்தெடுத்தது. விழா முன்வாசலில்தான், பின்கட்டுக்கு யாரும் வரப்போவதில்லை. ஆனால் புகைப்படத்தில் புலி இல்லை என்பதால் புலியைப் பார்த்துக்கொள்பவராவது வேண்டும் என்றார்கள். சுத்தமான சீருடையில்.

மாணிக்கம் அண்ணனுக்கு யாரும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. விழாவன்று அவர் வந்த கோலத்தைப் பார்த்துக் காவலாளி சல்யூட் அடித்தார். முடி வெட்டி, மீசை திருத்தி, சட்டை மொடமொடவென்று. பேண்டு வாத்தியம் முழங்கியது. கம்பெனியின் எச்.ஆர். பெண் அவரைக் காசோலைப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தாள். படம் எடுத்து முடித்ததும் அவரிடமே கேட்டாள்.

“சார், சூப்பரா மணக்கறீங்க. என்ன பிராண்ட்?”

அந்த நடை

விழா முடிந்து அவர் வழக்கம்போல் இறைச்சி வாளியோடு பின்கட்டுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். மல்லிகா உறுமினாள், இறைச்சியைத் தொடவில்லை, ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு எழுந்துவிட்டாள். டாக்டர் ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். பிடரியில் கவ்விய குட்டி தொங்க, அவள் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்குப் போனாள். அங்கே கீழே வைத்தாள், முகர்ந்தாள், மறுபடி கவ்வினாள். இன்னொன்று வைக்கோலில் கத்திக்கொண்டு கிடந்தது. அந்த நடை எனக்குத் தெரியும். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்குமாக நானும் அப்படித்தான் நடக்கிறேன். எங்கேயும் ஆபத்து இருக்காது. எந்த இடமும் பத்திரமாகவும் தோன்றாது.

பேண்டு சத்தத்தால்தான் என்றார்கள் எல்லோரும். நானும் அப்படியே நினைத்தேன். சத்தம் அடங்கி வெகுநேரமாகியும் அவள் நிற்கவில்லை. டாக்டர் தெலுங்குக்காரர், அதிகம் பேச மாட்டார். தெரிந்த தமிழில் சொன்னார்.

“போன தடவை இப்படித்தான் ஆரம்பம் அம்மா. காலைல வரைக்கும் பார்க்கலாம், அப்புறம் பாட்டில்தான்.”

தூளி

மாடிப்படி ஏறும்போதே மீராவின் அழுகை கேட்டது. விஜயா அக்கா வீட்டில் என் பழைய பருத்திச் சேலையில் தூளி கட்டியிருந்தோம். நான் கட்டிக் கசங்கிய சேலை. மீரா அதில்தான் தூங்குவாள். அன்று மதியத்திலிருந்து தூங்கவே இல்லையாம். நெற்றியைத் தொட்டேன், வயிற்றைத் தொட்டேன், காதைப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. தூளிக்குள் போட்டேன். வீறிட்டாள். அப்போதுதான் சேலையிலிருந்து குப்பென்று ரோஜா வாசனை அடித்தது. ‘அழுக்கா இருந்துச்சுன்னு வாசனை சோப்புல துவைச்சுக் காயப்போட்டேன்’ என்றார் அக்கா பெருமையாக.

நாள் முழுக்கப் போட்டிருந்த என் துப்பட்டாவைக் கழற்றித் தூளிக்குள் விரித்தேன். மீரா அதில் முகத்தைப் புதைத்தாள். இரண்டு தேம்பல், அவ்வளவுதான், தூங்கிப்போனாள். விஜயா அக்கா தெலுங்கும் தமிழுமாக நொந்துகொண்டார். எனக்கோ அந்த ரோஜா வாசனைச் சேலையில் மாணிக்கம் அண்ணனின் மொடமொடத்த சட்டைதான் தெரிந்தது.

“ஆசையாத் துவைச்சுப் போட்டா, உன் பொண்ணுக்கு இந்த பஸ் நாத்தம்தான் வேணுமா?”

குல்லா

அங்கேயே நின்று மாணிக்கம் அண்ணனுக்கு போன் போட்டேன். “அண்ணே, இன்னைக்கு என்ன சோப்பு போட்டீங்க?” என்றேன். அவர் மிகவும் இதமாக, “மேடம், பாப்பா நல்லாருக்கா?” என்று கேட்டார்.

“நல்லாருக்கா. சோப்பைச் சொல்லுங்க.”

“சந்தன சோப்பு. போட்டோ எடுக்கறாங்கன்னு வீட்டுக்காரி வாங்கினா. பவுடரும் போட்டேன். சட்டையை அவளே துவைச்சுக் குடுத்தா. ஏன் மேடம் கேக்கறீங்க?”

சொன்னேன். அவர் உச்சுக்கொட்டிய சத்தம் கேட்டது. போட்டோ முன்வாசலில்தானே, புலி பார்க்கப்போவதில்லையே என்று நினைத்துவிட்டாராம். வீட்டில் துவைக்காத துணி ஏதாவது இருக்கிறதா, கட்டாயம் அவர் வாசனை உள்ளதாக இருக்க வேண்டும் என்றேன். “என்னை என்னன்னு நினைச்சீங்க? எங்க வீட்டுல எல்லாம் சுத்தம்” என்று அவர் ஆரம்பிக்கும்போதே பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: “அந்தக் குரங்குக் குல்லாயச் சொல்லுங்க. கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலிக்குது, துவைக்கக் குடுக்க மாட்டேங்கறாரு மேடம்.”

காலையில் சோப்பில்லாமல் வெறும் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டு, குளிரில் சைக்கிள் மிதிக்கப் போடும் அந்தக் குல்லாவைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். டாக்டர் புட்டியோடு நின்றார். நான் ஓட்டையில் கண்ணை வைத்தேன். மல்லிகா இன்னும் நடந்துகொண்டிருந்தாள், நடை தளர்ந்திருந்தது. மாணிக்கம் அண்ணன் கம்பி வலைக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவள் ஒரு சுற்றுப் போய் வந்தாள். நின்றாள். குட்டியைக் கீழே வைத்துவிட்டு வலைக்கு அருகே வந்து மூக்கை நீட்டினாள். வெகுநேரம் முகர்ந்தாள். பிறகு மூக்கால் புஃப், புஃப் என்று ஊதினாள். புலிக்குப் பூனைபோல் சுகமாகக் குறுகுறுக்க வராது. தெரிந்தவர்களைக் கண்டால் இப்படித்தான் ஊதும் என்று நூறு தடவையாவது மைக்கில் சொல்லியிருப்பேன், கேட்டது அன்றுதான். அவள் திரும்பிப் போய் வைக்கோலில் சாய்ந்தாள். ஒரு குட்டி முட்டி மோதி வந்து சேர்ந்தது. அடுத்ததும் வந்தது. அதன் பிறகு வயிற்றோரம் இரண்டு வால்கள் மட்டும் தெரிந்தன.

டாக்டர் புட்டியைத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். கடைசி பெஞ்சு வரை கேட்கும் என் குரலை அடக்கிக்கொண்டு, ‘குடிக்குது’ என்று அவர் காதருகே சொன்னேன். வெளியே வந்த மாணிக்கம் அண்ணன் குல்லாவைக் கழற்றி உதறினார். நாங்கள் இரண்டு பேரும் ஓரடி பின்னால் நகர்ந்தோம். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

“ஒரே ஒருத்திதான் மேடம், என்னை இந்த வாசனையோட ஏத்துக்கிட்டா. அவளும் கம்பிக்குப் பின்னால இருக்கா.”

திரை விலகிய நாள்

குளிர்காலம் போய் வெயில் ஏறத் தொடங்கியபோது கோணிப்பைகளை அவிழ்த்தோம். மல்லிகா குட்டிகளோடு திடலுக்கு வந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் போய் முதலில் வாலை நனைத்தாள். பிறகு பின்பக்கமாகவே மெல்ல இறங்கி உட்கார்ந்தாள். புலிக்குத் தண்ணீர் பிடிக்கும், முகத்தில் தெறிப்பதுதான் பிடிக்காது. குட்டிகள் கரையில் நின்று முழித்தன. கூட்டம் நெருக்கியடித்தது. கோடு எல்லாப் புலிக்கும் ஒரே மாதிரி இருக்காது, மயிரை மழித்தாலும் தோலில் அதே கோடு இருக்கும் என்று நான் பேசிக்கொண்டே போனேன். யாரும் கேட்கவில்லை, எனக்கும் கோபமில்லை.

கூட்டத்தில் விஜயா அக்கா மீராவோடு முன்வரிசையில் நின்றார். மல்லிகா கரையேறி ஒரு குட்டியை முன்காலால் அமுக்கிப் பிடித்துத் தலையிலிருந்து வால் வரை நக்க ஆரம்பித்தாள். குட்டி கத்தியது, அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. விஜயா அக்கா முழுவதையும் பார்த்துவிட்டு, மைக்கிலும் விழும்படியாகச் சொன்னார்.

“அவளைப் பாரு, நாக்காலேயே குளிப்பாட்டி முடிச்சுட்டா. நீதான் வெந்நீரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து ஒரு மணி நேரம் நடுங்கறே.”

ஊருக்கெல்லாம் புலியை விளக்கிய இந்த வேலையில் நானாகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: குட்டி இருக்கிற வீட்டில் எல்லாவற்றையும் துவைத்துவிடக் கூடாது.